மண்ணை எங்கே போடுவது? மெண்டிப் மலையில் ஒரு குகைத் தோண்டல்

இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்டல் நகருக்குத் தெற்கே மெண்டிப் மலை இருக்கிறது. மலை என்று பெயர், உச்சியே 325 மீட்டர்தான். ஆனால் உள்ளே எங்கு பார்த்தாலும் குகை. அங்கே பிரிட்டி என்ற சிற்றூரை ஒட்டிய வயல் ஒன்றில், சேறும் கல்லும் அடைத்துக் கிடக்கும் ஒரு குகைவழியைத் திறக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், அவரவர் வேலை முடிந்த பிறகு மாலையில் கூடுவோம். ஆசிரியர், பிளம்பர், ஓய்வுபெற்ற பொறியாளர், மென்பொருள் எழுதும் நான். யாருக்கும் சம்பளம் கிடையாது. கயிறு முதல் சிமெண்ட் வரை கைக்காசுதான். நிலத்துக்காரர் கேட்டுக்கொண்டதால் இடத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை.

குகை தோண்டப் போகிறேன் என்றால், ஏதோ பாறையை உடைத்துத் தள்ளும் வேலை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். உடைப்பது அதில் சிறு பங்கு. அள்ளிய மண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது, அது அங்கேயே நிற்க என்ன செய்வது, இதுதான் மொத்த வேலையும். இந்தப் பதிவிலும் மண்ணைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் இங்கே ஏன் குகை என்று சொல்லிவிடுகிறேன். மெண்டிப்பின் நடுமுதுகு பழைய செம்மணற்பாறை. அதைச் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை, ஏறக்குறைய 35 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்தது. மணற்பாறைமேல் பெய்யும் மழை உள்ளே இறங்காது, ஓடையாகத் திரண்டு சரிவில் வரும். சுண்ணாம்புப் பாறையைத் தொட்ட கொஞ்ச தூரத்திலேயே அந்த ஓடை ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போகும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் உறிஞ்சு துளை என்று படித்திருப்போமே, அதுதான். மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிவிட்ட தண்ணீர், பாறையின் வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து வழியாக்குகிறது. பிரிட்டியில் இருக்கும் ஸ்வில்டன்ஸ் ஹோல் அப்படி உண்டானதுதான். 1901-ல் அதற்குள் முதன்முதலாக ஆட்கள் இறங்கினார்கள். இன்று சுமார் 9 கிலோமீட்டர் அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

பிரிட்டிப் பக்கம் இறங்கும் தண்ணீர் மலையின் தென்னடிவாரத்தில் வூக்கி ஹோல் என்ற குகைவாயில் ஆறாக வெளியே வருகிறது. இது முதலில் உறைத்தது விஞ்ஞானிகளுக்கு அல்ல, ஒரு காகித ஆலை முதலாளிக்கு. மலைமேல் ஈயத்தாது கழுவியவர்கள் விட்ட கழிவு, பூமிக்கடியிலேயே பயணித்து, கீழே அவருடைய ஆலைக்கு வரும் தண்ணீரைக் கெடுத்தது. வழக்குப் போட்டு 1863-ல் ஜெயித்தார். தண்ணீர் போகும் அந்த வழியில் மனிதன் முழுக்கப் போனதில்லை. கீழிருந்து முக்குளிப்பவர்கள் நீருக்குள் 90 மீட்டர் ஆழம்வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் போன ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலாந்தனும்தான் 2018-ல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களை முதலில் கண்டுபிடித்தவர்கள். மேலிருந்து முயல்வது எங்களைப் போன்ற தோண்டுகிறவர்கள்.

வழி இருக்கிறது, ஆனால் அடைத்துக் கிடக்கிறது. ஏன்? பனியுகங்களில் பனிப்பாளம் மெண்டிப்பை மூடவில்லை. மண் மட்டும் ஆழம்வரை உறைந்து கிடந்தது. கோடையில் மேல்மண் இளகும்போது, உறைபனி உடைத்துப் போட்ட கற்களோடு சேறு சரிவில் வழுக்கி வந்து பள்ளங்களையும் குகைவாய்களையும் நிரப்பியது. நாங்கள் அள்ளுவதில் பெரும்பகுதி அந்தச் சேறு. இதைத் தவிர, குகைக் கூரையே உதிர்ந்து விழுந்த பாறைக் குவியல்களும் உண்டு. சேற்றுக்குப் பொறுமை போதும். பாறைக் குவியல் வேறு கதை, பின்னால் வருகிறேன்.

அடைப்புக்கு அப்பால் வெற்றிடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காற்றுதான் சாட்சி. இந்தப் பகுதிக் குகைகளுக்குள் வருடம் முழுக்க வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் வெளிக்காற்றைவிட உள்காற்று சூடு, அதனால் எடை குறைவு. மேலெழுந்து மலையுச்சிப் பக்கத்து ஓட்டைகள் வழியாக வெளியேறும். கோடையில் தலைகீழ். உள்ளே இருக்கும் குளிர்ந்த கனமான காற்று அடிவாரத்தை நோக்கி வடியும், மேலே உள்ள வாய்கள் வெளிக்காற்றை உறிஞ்சும். பனி விழுந்த மறுநாள் காலையில் வயல்களைச் சுற்றி வருவது இங்கே தோண்டுகிறவர்களின் பழைய வழக்கம். எல்லா இடமும் வெள்ளையாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் பனி கரைந்து புல் தெரிந்தால், அங்கே குனிந்து கையை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் குழி அப்படித்தான் அகப்பட்டது.

உள்ளே காற்றின் திசை பார்க்க நாங்கள் வைத்திருப்பது ஊதுபத்தி. இதை நான் அறிமுகப்படுத்தவில்லை, குழுவில் எனக்கு முன்பே இருந்தது. வெட்டு முகப்பில், அதாவது தோண்டிக்கொண்டிருக்கும் நுனியில், ஒரு பத்தியைக் கொளுத்தி, எல்லோரும் அசையாமல் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்போம். கோடையில் புகை நேராக எழுந்து, கூரைக்கும் சேற்றுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி ஒன்றைத் தேடிப் போய் மடங்கி நுழையும்; குளிர்காலத்தில் அதே இடைவெளியிலிருந்து வரும் காற்று புகையை நம் பக்கம் தள்ளும். எந்த இடைவெளி என்று தெரிந்துவிட்டால் எந்தப் பக்கம் அள்ள வேண்டும் என்றும் தெரிந்துவிடும். வெளியிலும் 10 டிகிரியாக இருக்கும் வசந்தகால, இலையுதிர்கால மாலைகளில் மட்டும் புகை எங்கும் போகாது. அந்த நாட்களில் சோதனையை நம்பக் கூடாது.

காற்றை நம்பித் தோண்டியவர்களுக்குக் கிடைத்ததைச் சொன்னால்தான் இந்தப் பிடிவாதம் புரியும். தெற்கு வேல்ஸில் ஆகொவ் டிரைனென் என்ற குகை. காற்று வந்த ஒரு சின்ன இடத்தைத் தோண்டி 1994-ல் உள்ளே புகுந்தார்கள். இன்று 65 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பிரிட்டனின் மிக நீளமான குகைகளில் ஒன்று. எங்கள் மெண்டிப்பிலேயே, செடார் பள்ளத்தாக்கில் ரிசர்வாயர் ஹோல் என்ற இடத்தை வில்லியம் ஸ்டான்டன் என்ற நிலத்தடி நீர் வல்லுநர் 1960-களிலிருந்து தோண்டிக்கொண்டே இருந்தார். (முன்னே சொன்ன முக்குளிப்பவர் வேறு, இவர் வேறு.) 2010-ல் அவர் காலமானார். நண்பர்கள் தொடர்ந்தார்கள். 2012-ல் ஒரு பெருங்கூடம் திறந்தது. வெண்மையான கல்தூண்கள் நிற்கும் அந்தக் கூடம், தரைப்பரப்பில் பிரிட்டனில் அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரியது என்கிறார்கள். ஸ்டான்டன் அதைப் பார்க்கவில்லை.

ஸ்டான்டனை நான் இங்கே குறிப்பிட இன்னொரு காரணம் அவர் கட்டிய சுவர்கள். அள்ளிய மண்ணை அப்படியே ஓரமாகத் தள்ளாமல், கற்களைப் பொறுக்கிச் சுவரெடுத்து அதற்குப் பின்னால் மண்ணை நிரப்புவது அவர் பாணி. அரை நூற்றாண்டு கழித்தும் அந்தச் சுவர்களை ஒட்டிப் பயமில்லாமல் நடக்கலாம். அவர் வேலையைப் பார்த்துத்தான் எங்கள் குழுவும் மண்ணை மதிக்கக் கற்றுக்கொண்டது.

வேலை தொடங்கும் முன் காகித வேலை. நிலத்துக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்க முடியாது. மெண்டிப்பின் பல குகைகள் அறிவியல் முக்கியத்துவம் கொண்ட பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே தோண்ட நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். லாட வௌவால் தங்கும் இடமென்றால் குளிர்காலம் முழுக்கத் தொடக் கூடாது. எலும்போ பழம்பொருளோ தட்டுப்பட்டால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். செடாரில் 1903-ல் கிடைத்த, சுமார் 10,000 ஆண்டுப் பழமையான மனித எலும்புக்கூடு குகை மண்ணுக்குள்ளிருந்து வந்ததுதான். எந்தச் சேற்றிலும் அப்படி ஒன்று இருக்கலாம். பிரிட்டிஷ் கேவிங் அசோசியேஷன் என்ற குகை ஆர்வலர் சங்கத்தில் உறுப்பினர் ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்கும். நிலத்துக்காரர் முதலில் கேட்டது அதைத்தான்.

சரி, குழிக்கு வருவோம். மேலே புல்வெளி சரிந்து உள்ளே விழாமல் இருக்க, கிணற்றுக்கு இறக்குவதுபோலக் கான்கிரீட் உறைகளை அடுக்கி இறக்கியிருக்கிறோம். மேலே பூட்டுப்போட்ட இரும்பு மூடி, மாடு கன்று விழக் கூடாதே. ஏணியில் இறங்கினால் தவழ்ந்துதான் போக முடிகிற ஒரு சரிவு. அதன் முடிவில் உட்காரும் உயரத்துக்கு ஒரு சிறு அறை. அதற்கப்பால் வெட்டு முகப்பு. அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு.

அந்த முகப்பை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அடுக்கடுக்காகக் கதை சொல்லும். அடியில் ஓடை உருட்டி வந்த கூழாங்கற்கள், அவற்றில் செம்மணற்கல்லும் உண்டு. சுண்ணாம்புக் குகைக்குள் செம்மணற்கல் கிடக்கிறதென்றால், மலைமுதுகிலிருந்து ஓடிவந்த உண்மையான ஓடை ஒன்று ஒரு காலத்தில் இதற்குள் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்குக் காற்றுக்கு அடுத்த நம்பிக்கை அந்தச் சிவப்புக் கல். அதற்குமேல் தகடு தகடாகப் பிரியும் நுண்ணிய களிமண், தண்ணீர் தேங்கி நின்ற காலத்தில் படிந்தது. அதற்கும் மேலே உடைந்த கூர்க்கற்களோடு கலந்த பழுப்புச் சேறு. அங்கங்கே, கூரையிலிருந்து சொட்டும் நீரில் வளர்ந்து தொங்கும் கல்விழுதுகளின் உடைந்த துண்டுகள். எந்த அடுக்கில் என்ன இருந்தது என்று தேதி போட்டுப் படமெடுத்து வைக்கிறோம். வெட்டிவிட்டால் அந்த ஆதாரம் போய்விடும், திரும்ப வராது.

இப்போது கணக்கு. ஒரு மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், ஒரு மீட்டர் முன்னேற 0.8 கன மீட்டர் சேறும் கல்லும் வெளியே வர வேண்டும். ஈரச் சேறு கன மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு டன். ஆக, மீட்டருக்கு 1.6 டன். ஒருவர் தவழ்ந்தபடி சமாளிக்கக்கூடிய சாக்கு 15 கிலோ. ஒரு மீட்டருக்கு நூறு சாக்குக்கு மேல்! இதோடு முடியவில்லை. இறுகிக் கிடந்த மண்ணை அவிழ்த்துவிட்டால் மூன்றில் ஒரு பங்காவது உப்பும். 0.8 கன மீட்டராக இருந்தது ஒரு கன மீட்டரைத் தாண்டி இடம் கேட்கும். நாம் திறக்கும் வழியில் அதைத் திரும்ப வைக்க முடியாது. இந்தக் கணக்கைப் போடாமல் தோண்ட ஆரம்பிக்கும் குழுக்கள் சில மாதங்களில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாறை அவர்களை நிறுத்தவில்லை, தங்கள் மண்ணிலேயே சிக்கிக்கொண்டார்கள்.

எங்கள் குழியிலேயே இதற்குச் சான்று இருந்தது. பல வருடங்களுக்கு முன் வேறு யாரோ தோண்டி, அள்ளியதை எல்லாம் அந்தச் சிறு அறையின் வலப்பக்கத்தில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். காற்று வருவது அந்த வலப்பக்கத்திலிருந்து. அவர்கள் மண்ணை முழுவதும் இரண்டாம் தடவை நகர்த்திய பிறகுதான் எங்களால் புது மண்ணைத் தொடவே முடிந்தது. அன்றிலிருந்து ஒரு விதி: காற்று வராத இடம் என்று ஊதுபத்தி காட்டிய மூலையில் மட்டுமே மண் வைக்கப்படும், அதுவும் சுவருக்குப் பின்னால்.

சுவர் கட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தேவைப்படுகிறவர்கள் இருக்கலாம். முகப்பிலிருந்து வரும் கற்களைத் தலையளவு, கையளவு, பொடிக்கல் என்று அங்கேயே மூன்றாகப் பிரித்துவிடுவோம். முதல் வரிசையைச் சேற்றின்மேல் வைக்கக் கூடாது. பாறை தட்டும்வரை சுரண்டிவிட்டு அதன்மேல் பெரிய கல். ஒவ்வொரு கல்லும் உள்பக்கமாகச் சற்றுச் சாய வேண்டும், அப்போதுதான் பின்னால் ஏறும் மண்ணின் அழுத்தத்தைச் சுவர் தாங்கும். மேல்வரிசைக் கல் கீழ்வரிசை இணைப்பின்மேல் உட்கார வேண்டும். மூன்று நான்கு கல்லுக்கு ஒன்று, மண்ணுக்குள் நீண்டு புதையும் நெடுங்கல். இடுக்குகளில் பொடிக்கல்லை அடித்து இறுக்கினால் போதும், சிமெண்ட் தேவைப்படுவது அபூர்வம். தண்ணீர் கசிய இடம் விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நீர் தேங்கி ஒருநாள் மொத்தச் சுவரையும் தள்ளும்.

சாக்கிலேயே கட்டி அடுக்கிவிட்டால் சுலபம்தானே என்று கேட்கலாம். சணல் சாக்கு ஈரத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் மக்கிக் கிழியும், அடுக்கு சரியும். பிளாஸ்டிக் இழைச் சாக்கு இருட்டில் நீண்ட நாள் தாங்கும், ஆனால் குகைக்குள் பிளாஸ்டிக்கை விட்டுவருவது எனக்கு உடன்பாடில்லை, குழுவில் பெரும்பாலோருக்கும் இல்லை. எனவே சாக்கு சுமக்க மட்டும்: முகப்பில் நிரப்பி, சுவரடியில் கொட்டி, வெறும் சாக்கு திரும்பி வரும்.

முகப்பிலிருந்து அறைவரை தவழும் வழியில் சாக்கைக் கையால் இழுப்பதில்லை, தட்டில் வைத்து இழுக்கிறோம். தடித்த பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்தால் தொட்டி மாதிரி இரண்டு தட்டு கிடைக்கும். அடி வழவழப்பாக இருப்பதால் சேற்றில் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு முனையிலும் துளை போட்டுக் கயிறு, ஒன்று மேலே இழுக்க, இன்னொன்று காலித் தட்டைக் கீழே இழுக்க. துளையின் விளிம்பு கயிற்றை அறுக்காமல் இருக்க ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகிவிடுவோம். வளைவில் தட்டு மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். அவர் வேலை காலால் தட்டைத் திருப்பிவிடுவது. கேட்க எளிது. குளிர்ந்த சேற்றில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்பதால் அந்த இடம் சுழற்சி முறையில் மாறும்.

குகைக்குள் கத்தினால் எதிரொலியில் சொல் கலங்கிவிடும். விசில்தான். ஒரு ஊதல் நிறுத்து, இரண்டு மேலே இழு, மூன்று கீழே விடு. புதிதாக வருகிறவர்களுக்கு மண்வெட்டியைக் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

ஆள் எண்ணிக்கை பற்றி ஒன்று. முகப்பில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். நிரப்ப ஒருவர், வளைவில் ஒருவர், இழுக்க இருவர், சுவர் கட்ட ஒருவர். அதாவது ஆறு பேர் வந்தால் அதில் ஒருவர்தான் "தோண்டுகிறார்". ஆறு பேரும் முகப்புக்கே ஆசைப்பட்டால் எதுவும் நகராது. எனக்குச் சுவர்தான் பிடிக்கும், அதை விட்டுக்கொடுப்பதில்லை.

சேற்றில் பதிந்து கிடக்கும் பெரிய கல்லுக்கு டிரில்லும் ஆப்பும். பேட்டரி டிரில்லால் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமும் ஒரு தகடு, நடுவே ஒரு இரும்பு ஆப்பு. சுத்தியலால் ஒவ்வொன்றாக, முறை வைத்து ஒரு தட்டு, அடுத்ததற்கு ஒரு தட்டு என்று போக வேண்டும். தட்டத் தட்ட ஆப்பின் ஓசை சன்னமாக உயர்ந்துகொண்டே வரும். அது நின்றதும் அடிக்காமல் காத்திருந்தால், கல் தானாக ஒரு முனகலோடு பிளக்கும். புகை கிடையாது, அதிர்வு கிடையாது, கூரைக்குச் சேதம் கிடையாது. சிறிய வெடிமருந்துக் குப்பி வைத்துப் பிளக்கும் முறையும் இங்கே உண்டு. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், புகை வெளியேறக் காத்திருக்கவும் வேண்டும். ஆப்பு மெதுவானாலும் என் வாக்கு அதற்குத்தான்.

அப்புறம், அந்தப் பாறைக் குவியல். சேறு முடிந்ததும் வழி மேல்நோக்கித் திரும்பி, ஒன்றின்மேல் ஒன்று தொங்கி நிற்கும் பாறைகளுக்குள் போனது. இங்கே எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்பது வெளியே தெரியாது. கீழே ஒன்றை எடுத்தால் மேலே ஐந்து இறங்கலாம். ஒரு கன மீட்டர் சுண்ணாம்புப் பாறை 2.7 டன், அதில் பத்தில் ஒரு பங்கு போதும் ஆளை நசுக்க. ஆகவே சாரம் கட்டினோம். கட்டிடங்களுக்கு வெளியே கட்டும் அதே 48.3 மில்லிமீட்டர் இரும்புக் குழாய், அதே கிளாம்ப். வெளியிலிருந்து நீளக் குழாயைக் கொண்டுவர வளைவு விடாது, எனவே அளந்து அறுத்துத் துண்டுகளாக இறக்கினோம். முதல் சட்டம் உறுதியான பாறைத் தரையிலும் சுவரிலும் ஊன்றி நின்ற பிறகே ஒரு கல்லைத் தொட்டோம். பிறகு சட்டத்துக்கு மேலே கையளவு முன்னால் குழாயை நீட்டி, அதன் பாதுகாப்பில் நின்று ஒரு கல்லை எடுப்பது, மீண்டும் குழாயை நீட்டுவது. குழாய்களுக்கும் பாறைக்கும் இடையே பலகை. இடைவெளிகளில் கல் அடைப்பு.

இந்தக் கட்டத்தில்தான் குழுவில் பேச்சே குறைந்தது. கடப்பாரை நுனியால் ஒரு கல்லை அசைத்துவிட்டு உடனே பின்னால் நகர்ந்து, மேலே ஏதாவது சலசலக்கிறதா என்று காது கொடுப்போம். சிறு கல் ஒன்று உருண்டாலும் அன்றைக்கு அவ்வளவுதான், சட்டத்தை இறுக்கிவிட்டு வெளியேறுவோம். அவசரப்பட்ட ஒரு ஆள்கூட இல்லை என்பதை நான் பெருமையோடு சொல்வேன். மெண்டிப்பில் 1936 முதல் தன்னார்வ மீட்புக் குழு ஒன்று இயங்குகிறது. 999-ஐ அழைத்துப் போலீஸ் வழியாகக் குகை மீட்பு என்று கேட்டால் வருவார்கள். வருகிறவர்களும் நம்மைப் போலத் தோண்டுகிறவர்கள்தான், நண்பர்கள்தான். அவர்களை ஒரு தொங்கும் பாறைக்கடியில் வரவைக்கும் உரிமை நமக்கு இல்லை.

காற்றைப் பற்றி இன்னொரு முக்கியமான விஷயம். மெண்டிப்பின் சில குகைகளில் கார்பன் டை ஆக்சைடு சேரும், கோடையில் அதிகம். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம். தொழிலிடங்களுக்கு இந்நாட்டில் வைத்திருக்கும் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 0.5 சதவீதம், கால் மணி நேரத்துக்கு 1.5 சதவீதம். முட்டுச்சந்தான இடத்தில் ஆறு பேர் மூச்சுவாங்க உழைத்தால் எங்கள் மூச்சே அதை ஏற்றிவிடும். எனவே முகப்பில் எப்போதும் அந்த வாயுவை அளக்கும் கருவி ஒன்று தொங்கும். 1 சதவீதம் காட்டினால் வேலையை நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். தலைவலி வந்த பிறகு யோசிக்கலாம் என்று விடக் கூடாது. காற்றோட்டம் நின்றுபோகும் அந்தப் 10 டிகிரி மாலைகளில் கருவியின் எண் கண்ணெதிரே ஏறும். அன்றைக்கு எல்லோரும் மேலறையில் சுவர் வேலை.

தண்ணீர்த் தொல்லை பெரிதாக இல்லை. தாழ்வான ஓரிடத்தில் குளமாகத் தேங்கும். ஹோஸ் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, முனையை இன்னும் தாழ்வான வெடிப்பில் விட்டால் சைஃபனாகத் தானே வடிந்துவிடும். மோட்டார் வேண்டியிருக்கவில்லை.

சாரம் கூரையைத் தொடும் உயரத்துக்கு வந்த ஒரு குளிர்கால மாலையில் ஊதுபத்திப் புகை வழக்கம்போல மெல்லத் திரும்பவில்லை. முகத்தில் அடித்தது. கடைசிக் கல்லை அசைத்ததும் அது எங்கள் பக்கம் வராமல் அப்பால் உருண்டது. உருண்டு, கொஞ்சம் நின்று, மறுபடி உருண்டது. முகப்பில் இருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றே உள்ளே போகவில்லை. மேலும் இரண்டு சட்டம் கட்டிப் பலகை அடித்த பிறகுதான் அடுத்த வாரம் ஒவ்வொருவராக நுழைந்தோம். முதலில் யார் போவது என்ற சண்டையும் இல்லை. குழுவில் மூத்தவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவர்தான் போனார்.

அப்பால் நிமிர்ந்து நிற்கலாம்! அதை எழுதும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது. எத்தனை மாதம் முழங்காலில் கழித்தோம். தலைக்குமேல் மூன்று மீட்டர், ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், ஒரு பக்கச் சுவர் முழுக்க வழிந்து உறைந்த வெண்ணிறச் சுண்ணப்படிவு, கூரையில் உள்ளீடற்ற மெல்லிய குழல் விழுதுகள். ஒரு மூச்சுப் பட்டால் உடையுமோ என்று தோன்றும் தடிமன். தரையில் வெடித்து ஆறிய சேறு, அதன்மேல் எந்தக் காலடியும் இல்லை. முதல் ஆள் நடந்த தடத்திலேயே அடுத்தவர் கால் வைக்க வேண்டும் என்று நுழையும் முன்பே பேசி வைத்திருந்தோம். அன்றே இரண்டு பக்கமும் நாடா கட்டி நடைபாதையைக் குறித்துவிட்டோம். சேறு அப்பிய மேலாடையைச் சாரத்துக்கு இந்தப் பக்கமே கழற்றிவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் அங்கேயே இருக்கிறது, காலணியைக் கழுவ. ஒரே ஒரு சேற்றுக் கை பட்டால் போதும், அந்த வெண்மை எங்கள் ஆயுளில் திரும்பாது.

அளவெடுப்பது அதற்கடுத்த வேலை. தூரம், திசை, சாய்வு மூன்றையும் ஒரே அழுத்தலில் தரும் டிஸ்டோஎக்ஸ் என்ற லேசர் கருவி, வீட்டில் சர்வெக்ஸ் என்ற இலவச மென்பொருள். அளக்காத குகையைக் கண்டுபிடித்ததாகவே சொல்லக் கூடாது என்பது இங்கே பழைய தலைமுறையின் எண்ணம், எனக்கும் அதுவே. கோடு போட்டுப் பார்த்தபோது, வழி தென்கிழக்காக, பாறை அடுக்கின் சாய்வோடு இறங்கிப் போவது தெரிந்தது.

60 மீட்டரின் முடிவில் மறுபடி சேறு, கூரை வரை. வலது மேல்மூலையில் இரண்டு விரல் இடைவெளி, அதில் காற்று. எனவே வேலை முடியவில்லை. ஆனால் புதுக் கூடத்துக்குள் ஒரு சாக்கு மண்ணைக்கூட வைக்கப் போவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். அள்ளுவது அத்தனையும் நாடாவுக்குள்ளேயே, சாரத்தைக் கடந்து, பழைய அறைவரை வர வேண்டும். தூரம் மூன்று மடங்கு, ஆறு பேர் போதாது. நடைபாதையில் சேறு சிந்தாமல் இருக்கத் தட்டுக்கு மூடி வேண்டும். பிளம்பர் நண்பர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். பழைய அறையில் நான் கட்டிய சுவர் இன்னும் இரண்டு வரிசை உயரலாம், அதற்குமேல் கூரை. அடுத்த மண்ணுக்கு இடம் தேடி, காற்றில்லாத இடப்பக்க வெடிப்பை இந்த வாரம் ஊதுபத்தியோடு பார்க்கப் போகிறோம்.